கீழ்த்துறையிலிருந்து ஒரு வாசிப்பு: பழையாறும் நாஞ்சில்நாட்டு எழுத்தும்

நாஞ்சில்நாட்டைப் பற்றி யார் எழுதத் தொடங்கினாலும் முதல் பக்கத்திலேயே வயல் வந்துவிடும். வயலுக்குப் பின்னால் ஆறு, குளம், தாமரை, நாரை. அப்புறம் அதெல்லாம் போயிற்றே என்கிற பெருமூச்சு. இருபது இருபத்தைந்து வருஷமாக இந்த எழுத்துகளை வாசித்து வருகிறேன். சிலது மிக நல்ல எழுத்து என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போட வசதியாக இருக்கும். என் கேள்வி அந்தப் பெருமூச்சைப் பற்றியது. அது வயலை வைத்திருந்தவனுடைய பெருமூச்சா, வயலில் கிடந்தவனுடைய பெருமூச்சா?

பழையாறு ஒன்றும் பெரிய ஆறு அல்ல. சுருளகோட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் தொடங்கி, பூதப்பாண்டி, வீரநாராயணமங்கலம், திருப்பதிசாரம், ஒழுகினசேரி, சுசீந்திரம் என்று வந்து மணக்குடியில் கடலில் விழுகிறது. பூதப்பாண்டி ஜீவா பிறந்த ஊர். தாழ்த்தப்பட்ட நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு அக்ரகாரத் தெருவிலும் பிள்ளைமார் தெருவிலும் நடந்ததற்காக வீட்டோடும் ஊரோடும் முரண்பட்டவர் அவர். அதாவது ஆற்றின் தலைமாட்டிலேயே தெருப் பிரச்சினை தொடங்கிவிடுகிறது. எங்கள் ஊர் ஆற்றின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. ஊர்ப்பெயர் இங்கே வேண்டாம். கரையில் எந்த ஊரைச் சொன்னாலும் கதையில் பெரிய வித்தியாசம் கிடையாது.

எங்க பாட்டி எழுபது வயசு வரைக்கும் நடவுக்குப் போனவள். பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. ஆற்றைப் பற்றி அவளிடம் கேட்டால் அணை, கோயில், ராஜா என்று ஒன்றும் சொல்ல மாட்டாள். துறையைத்தான் சொல்லுவாள்.

"மேலத்தொறை பிள்ளமாருக்குல்லா மக்கா. அதுக்குக் கீழ மத்த சாதிக்காரவியளுக்கு. அதுக்குக் கீழ மாடு கழுவுத எடம். அதுக்கும் கீழ நம்ம தொறை. அவிய குளிச்ச தண்ணியும் மாடு குளிச்ச தண்ணியும் சேந்துதான் நமக்கு வரும். நாம குளிச்ச தண்ணி கடலுக்குப் போவும். கடலு ஒண்ணும் சொல்லாது."

இந்த வரிசையை எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அணைகளின் பெயர்கள் கிடைக்கும்: வீரப்புலி அணை, பள்ளிகொண்டான் அணை, சபரி அணை, குமரி அணை, சோழன்திட்டை அணை. எந்தச் சானல் எந்தப் பத்துக்குப் பாய்கிறது என்பதும் கிடைக்கும். பறளியாற்றுத் தண்ணீரைப் பாண்டிய ராஜா ஒருவன் பாறையை வெட்டி இந்தப் பக்கம் திருப்பினான் என்ற கதையும் கிடைக்கும். துறை கிடைக்காது. ஆறு மேலிருந்து கீழே ஓடுவது இயற்கை. சாதியும் அதே வாட்டத்தில் ஓடும்படி துறையை வகுத்தவர்கள் மனிதர்கள். அதை எழுதாமல் விட்டவர்களும் மனிதர்கள்தான்.

இலக்கியத்துக்கு வருவோம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேரூர்க்காரர். அவருடைய 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' 1917-18 காலத்தில் 'தமிழன்' பத்திரிகையில் வந்தது. அன்று நாஞ்சில்நாட்டு வெள்ளாளர்களிடம் மருமக்கள் தாயம் இருந்தது. சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது, தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். காரணவர் கண்ணை மூடினால் பெண்டாட்டி பிள்ளைகள் கையேந்தி நிற்க வேண்டியதுதான். காரணவர் ஒருவருக்கு ஐந்தாவது மனைவியாக வாய்த்த பெண்ணின் வாயிலாக இந்த அநியாயத்தைக் கவிமணி சிரிக்கச் சிரிக்கவும் வயிறெரியவும் சொல்லியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த நூல். ஒரு பெண்ணைப் பேச வைத்து ஒரு சாதியின் சொத்து முறையையே சந்தி சிரிக்க வைப்பது சின்ன காரியம் அல்ல. 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து மக்களுக்கும் சொத்துரிமை கொடுத்தபோது அந்தக் கவிதைக்கும் அதில் பங்கு உண்டு என்று சொன்னார்கள். சொல்லட்டும், நியாயம்தான்.

ஆனால் அந்தச் சண்டை எதைப் பற்றியது? வயல் மகனுக்கா, மருமகனுக்கா? உழுதவனுக்கு உண்டா என்ற மூன்றாவது கேள்வி நுழைய அந்தக் காவியத்தில் ஒரு கதவும் கிடையாது. கவிமணி கல்நெஞ்சர் அல்ல. 'தீண்டாதார் விண்ணப்பம்' என்று எங்களுக்காகவே ஒரு பாட்டு எழுதியவர். அந்தப் பாட்டில் நாங்கள் கோயில் வாசலில் நின்று கடவுளிடம் மன்றாடுகிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. கோயிலுக்குள் எங்களை விடுவதற்குக் கவிமணிக்குச் சம்மதம். வயலுக்குள் நாங்கள் ஏற்கெனவே இருக்கிறோம், இடுப்பளவு தொளியில். அதனால் அங்கே எங்களை யாரும் பார்க்கவில்லை. கோயிலில் நாங்கள் விண்ணப்பதாரர்கள், வயலில் நாங்கள் நிலக்காட்சி.

அந்த 1926-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும் தோழர்களே. அதே 1926-இல்தான் சுசீந்திரம் சத்தியாகிரகம் தொடங்கியது. டாக்டர் எம். இ. நாயுடு முன்னின்று நடத்தியது. பழையாற்றங்கரையில் இருக்கிற தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அவர்ணர்கள் நடக்கலாமா என்பதுதான் வழக்கு. உள்ளே போய்க் கும்பிடுவது இல்லை, தெருவில் நடப்பது. அது இழுத்தடித்து, 1930-இல் மறுபடி கிளம்பி, கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே வருஷம், ஒரே ஆற்றங்கரை. ஒருத்தருக்கு வயலில் பங்கு கிடைக்கிறது, இன்னொருத்தர் தெருவில் கால் வைக்க அடி வாங்குகிறார். நாஞ்சில்நாட்டுச் சீர்திருத்த வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டையும் எழுதுகிறார்கள், ஆனால் தனித்தனி அத்தியாயங்களில். நான் கேட்பது இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள் என்பதை.

இந்த வயல் எப்படி இவர்களுக்கு வந்தது? அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் என்று ஒரு பெரிய தொகுதி உண்டு. கவிமணியே உட்கார்ந்து படித்து ஆராய்ந்தவை. பிற்காலத்தில் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். நிலம் கைமாறிய ஓலைகள் அதில் இருக்கின்றன, ஆள் கைமாறிய ஓலைகளும் இருக்கின்றன. மான்மியத்தை எழுதிய கைதான் அந்த ஓலைகளையும் புரட்டியது என்பதை நினைக்கும்போது எனக்கு என்னவோ செய்யும். அது இருக்கட்டும். 1812-இல் திருவிதாங்கூரில் அடிமை வியாபாரத்தைத் தடுத்து ஒரு பிரகடனம் போட்டார்கள். நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தார்கள். நெல் விளைகிற நாட்டில் அடிமை நிலத்தோடு சேராமல் வேறு எங்கே இருப்பான்? 1836-இல் எடுத்த கணக்கில் திருவிதாங்கூரின் சுமார் பன்னிரண்டே முக்கால் லட்சம் ஜனத்தில் 1,64,000-க்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். 1855-இல் அடிமை முறை ஒழிந்தது என்று அறிவிப்பு வந்தது. சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1865-இல், பண்டாரப்பாட்டப் பிரகடனம். சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு அது சொந்தமாயிற்று. குடியானவர்களின் உரிமைச் சாசனம் என்று இதைக் கொண்டாடுவார்கள். 1855-இல் கட்டவிழ்த்து விடப்பட்டவன் பெயரில் 1865-இல் என்ன பாட்டச் சீட்டு இருந்திருக்கும்? நாஞ்சில்நாட்டில் எங்களுக்கு ஏன் வயல் இல்லை என்று கேட்கிற மாணவர்களுக்கு இந்த இரண்டு வருஷங்களைத்தான் நான் சொல்லிக் கொடுப்பேன்.

அணை பற்றியும் சொல்லணும். பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. மூலம் திருநாள் ராஜா காலம், பொறியாளர் மிஞ்சின். அவருடைய கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. மாலை போடுகிறார்கள், போடட்டும். கோதையாற்றுத் தண்ணீர் சானல் வழியாக நம் வயலுக்கு வந்தது அதனால்தான். ஆனால் பேச்சி என்பது காட்டுத் தெய்வத்தின் பெயர். அந்த மலைக்காடு காணிக்காரர்களுடையது. அணை கட்டின கதையில் அவர்கள் ஒரு வரிகூட இல்லை. கல் சுமந்தவனுக்கும் கல்லறை இல்லை.

ஊழியம் என்ற சொல்லைப் பாருங்கள். இன்றைக்கு எங்கள் தெருவில் ஊழியம் என்றால் சபை ஊழியம். 'தம்பி ஊழியத்துக்குப் போயிருக்கான்' என்றால் பைபிளோடு போயிருக்கிறான் என்று அர்த்தம். பாட்டியின் அம்மை காலத்துக்கு முன்னால் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் சர்க்காருக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்கிற கட்டாய வேலை. சுமை தூக்குவது, ஓலை கொண்டுபோவது, கரை அடைப்பது. ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து கிறிஸ்தவர்களுக்கு விலக்கு வாங்கிக் கொடுக்க மிஷனரிகள் போராடினார்கள். மயிலாடியில் 1806-இல் ரிங்கல்தௌபே வந்து இறங்கியதற்கு இது ஒரு காரணம் மாதிரி, பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் சபைக்குப் போனதற்கும் இது ஒரு காரணம். ரிங்கல்தௌபேயை வரவழைத்தவர் வேதமாணிக்கம், சாம்பவர். தென் திருவிதாங்கூர் புரொட்டஸ்டண்ட் சபை அவர் வீட்டு முற்றத்திலிருந்து முளைத்தது. ஆனாலும் பேச்சில் எப்போதும் வெள்ளைக்காரர் முன்னால், நம் ஆள் பின்னால். மிஞ்சின் கதைதான் இங்கேயும்.

சபைக்குப் போனதில் இன்னொரு விஷயமும் நடந்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் வர முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் குமரி மாவட்டத்தின் 18,70,374 பேரில் தாழ்த்தப்பட்டோர் நூற்றுக்கு நாலு பேர்கூட முழுசாக இல்லை. 'உங்க மாவட்டத்துலதான் தலித்தே கிடையாதே' என்று வடக்கேயிருந்து வருகிற தோழர்கள் சொல்லுவார்கள். எங்கள் தெருவில் அண்ணன் பட்டியலில் இருக்கிறான், தம்பி இல்லை. துறை ஒன்றுதான்.

சரி, இன்றைய எழுத்துக்கு வருவோம். நாஞ்சில் நாடன் வீரநாராயணமங்கலத்துக்காரர், பழையாற்றில் குளித்து வளர்ந்தவர். 'தலைகீழ் விகிதங்கள்' 1977-இல் வந்தது. படித்து வேலையில்லாத சிவதாணு பணக்கார வீட்டில் பெண்ணெடுத்துப் படுகிற அவமானம் அதில் இருக்கிறது. தன் சாதியின் பகட்டையும் கஞ்சத்தனத்தையும் அவரைப் போல உள்ளே இருந்து கிழித்தவர்கள் குறைவு. 2003-இல் வந்த 'நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை' நூலுக்குத் தலைப்பிலேயே ஒரு நேர்மை இருக்கிறது. நாஞ்சில்நாட்டு வாழ்க்கை என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளவில்லை, வெள்ளாளர் வாழ்க்கை என்று வேலி கட்டிச் சொல்கிறார். இதை நம் விமர்சகர்கள் கவனித்திருக்கலாம். அவருக்குப் பின்னால் வந்தவர்கள், பத்திரிகையில் ஊர்ப் பெருமை எழுதுகிறவர்கள், அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு அதே வாழ்க்கையை 'நம் மண்ணின் வாழ்க்கை' என்று விற்கிறார்கள்.

அவரிடம் எனக்கிருக்கிற கேள்வி வேறு. அது சொல் பற்றியது. கன்னிப்பூ, கும்பப்பூ, தொளி, பொடி விதைப்பு, சூடடிப்பு, பொலி, கொத்து. நாஞ்சில்நாட்டு வட்டார வழக்கு என்று கல்லூரிகளில் பட்டியல் போட்டு ஆராய்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இது வெள்ளாள வழக்கு ஆகிவிடுகிறது. தொளி என்ற சொல் யார் வாயில் உருவாகியிருக்கும்? வரப்பில் குடை பிடித்து நின்றவன் வாயிலா, முழங்கால் புதைய நின்றவள் வாயிலா? கொத்து என்பது அறுவடைக் கூலியாக அளக்கிற நெல். அளந்து கொடுக்கிறவனுக்கு அது ஒரு கணக்கு, வாங்குகிறவளுக்கு அந்த ராத்திரிச் சோறு. எழுத்தில் கொத்து வரும்போதெல்லாம் அது அளக்கிற கைப் பக்கத்திலிருந்தே வருகிறது. மரக்கால் விளிம்பில் விரலை உள்ளே விட்டு அளப்பதைப் பார்த்து நின்ற கண் எங்கே? பாட்டி சொல்வாள்: "அளக்கும்போ அவியளுக்கு நாலு வெரல்தான் தெரியும். அஞ்சாவது வெரலு மரக்காலுக்குள்ளல்லா கெடக்கும்." அந்த ஐந்தாவது விரலை எழுதாத யதார்த்தவாதம் எனக்குப் பாதி யதார்த்தவாதம்தான். அறுப்பு முடிந்த வயலில் எலி வளை தோண்டி நெல் எடுத்ததும், களத்தில் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளியதும் எங்களுக்கு ஒரு சாகுபடி. கன்னிப்பூ, கும்பப்பூவுக்கு அப்புறம் எங்களுக்கென்று ஒரு மூன்றாம் பூ. அதற்கு அகராதியில் இடமில்லை.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) நாகர்கோவில் நிலக்காட்சி மாறியதைச் சொன்ன முதல் பெரிய நாவல். மரத்தைச் சுற்றியிருந்த குளம் ராஜா வருகைக்காகத் தூர்க்கப்படுகிற கட்டம் அதில் பிரசித்தம். அந்தப் பக்கங்களை எத்தனை தடவை வாசித்தாலும் என் கண் மண் கூடையைத்தான் தேடும். இது வாசகக் கோளாறாக இருக்கலாம். அப்பா கூடை சுமந்தவர்.

இப்போது அந்தப் பெருமூச்சுக்கு. வயல் போய்விட்டது உண்மை. நெல் போய்த் தென்னை, தென்னை போய் வாழை, எல்லாம் போய் பிளாட். கல் நட்டு, கொடி கட்டி, மண் அடித்து மேடாக்கி விற்கிறார்கள். நான்குவழிச் சாலை வயலையும் குளத்தையும் அறுத்துக்கொண்டு வந்தது. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆயிற்று, அதன் சாக்கடை ஆற்றில்தான் வந்து சேர்கிறது. இதற்காக வருத்தப்படுகிற கட்டுரைகளை வாசிக்கும்போது எங்கள் பையன்களில் சிலர் சிரிக்கிறார்கள். "அவன் வயலு போச்சுன்னா நமக்கென்ன அண்ணே? வயலு இருக்கும்போ நம்ம தாத்தா அங்கண மாடு மாரிதான கெடந்தாவ. இப்பம் பிளாட்டுல கொத்தனார் வேலைக்குப் போனா சாயந்திரம் கையில ரூவா." இந்தச் சிரிப்பை நான் மதிக்கிறேன். இதில் ஒரு விடுதலை இருக்கிறது. வயல் என்ற சிறை உடைந்தபோது அழ வேண்டிய அவசியம் கைதிக்கு இல்லை.

நானும் பிளாட்டில்தான் குடியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய நாலு சென்ட். பாட்டி நடவு நட்ட பத்தில்தான் அது இருக்கிறது. பத்திரத்தில் என் பெயர் வந்த அன்று அம்மா அழுதாள், பாட்டி இருந்து பார்த்திருக்கணும் என்று. அந்த வயலை அழித்துத்தான் எங்கள் பரம்பரைக்கு முதல் பட்டா கிடைத்தது. இதை எந்தச் சூழலியல் கட்டுரையில் எங்கே பொருத்துவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆனாலும் பையன்களோடு முழுசாகச் சிரிக்க முடியவில்லை. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது என் மேட்டு பிளாட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. வயலில் நின்று வடிய வேண்டிய தண்ணீர், மேடாக்கின எங்கள் பிளாட்டுகளைச் சுற்றிக்கொண்டு கீழ்த்துறைத் தெருவில் அம்மா வீட்டுக்குள் புகுந்தது. மேலே யார் என்ன செய்தாலும் கீழே வந்து சேரும் என்ற பாட்டியின் கணக்கு அப்படியே இருக்கிறது, மேலே இருப்பவர்களில் இப்போது நானும் ஒருத்தன் என்பதைத் தவிர. களை பறிக்கப் போன பெண்களுக்கு வேலை போயிற்று, கொத்தனார் வேலை ஆண்களுக்குத்தானே. கோரை அறுக்க, கெண்டை பிடிக்க, ஆட்டுக்குப் புல் அறுக்க என்று காசில்லாமல் கிடைத்த ஆறும் போயிற்று. வயல் பிள்ளைமாருடையது, அழட்டும். ஆற்றுப் புறம்போக்கு நம்முடையது. அதற்கு நாம்தான் எழுதணும்.

அந்தப் புறம்போக்கில்தான் இப்போது பிரச்சினை. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பறவைகளுக்கு நல்லது, எனக்கும் சந்தோஷம்தான். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் வந்த சட்டமும் இருக்கிறது. ஆனால் ஆற்றை மீட்கிறோம் என்று டேப் பிடிக்கத் தொடங்கினால் அது முதலில் தொடுவது கரையிலிருக்கிற ஓட்டு வீட்டை. குளத்தைத் தூர்த்துக் கட்டின கல்யாண மண்டபத்துக்கு டேப் எட்டாது. பெருமூச்சு எழுத்து இந்த இடத்தில் வெறும் எழுத்தாக நிற்பதில்லை. ஆறு என்றால் மேலத்துறை, வயல், கோயில், தாமரை என்று நூறு வருஷமாக எழுதி எழுதி, கீழ்த்துறைக்காரன் அந்தப் படத்தில் இல்லாமலே போய்விட்டான். படத்தில் இல்லாதவன் தரையில் இருந்தால் அவன் பெயர் ஆக்கிரமிப்பாளன்.

எங்கள் தெருவில் ஆறு வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று அம்மா வீடு. மனு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. மனுவில் முதல் பத்தியாகப் பாட்டி சொன்ன துறை வரிசையை எழுதினேன்: மேலத்துறை, நடுத்துறை, மாட்டுத்துறை, எங்கள் துறை. இன்னார் இங்கேதான் குளிக்க வேண்டும் என்று ஊரே எங்களுக்கு ஒதுக்கிய இடம், நாங்கள் ஆக்கிரமித்தது அல்ல என்று. வக்கீல் தோழர் வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, துறைக்கு ஏதாவது ரிக்கார்டு உண்டுமா?" என்று கேட்டார். கிராம ஆபீசில் இல்லை. சபையின் பழைய ஞானஸ்நான ரெஜிஸ்தரில் பெயருக்கு நேரே குடியிருக்கிற இடம் எழுதுவார்களாம், பாட்டியின் அப்பா பெயர் அதில் இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். ஆறு வீட்டில் நாலு வீட்டுக்காரர்கள் சபையார். மற்ற இரண்டு வீட்டுக்கு என்ன காட்டுவது என்று தெரியவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை ரெஜிஸ்தரைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.